முதல் ஆதரவு என்னுடையது

சம்பளம் இல்லாத வேலைக்கு இவ்வளவு கோபமா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். ஆமாம், இவ்வளவு கோபம்தான். சம்பளம் வாங்குகிற இடத்தில் ஏமாந்தால் ஆத்திரம் தீரத் திட்டிவிட்டு வேறு மில்லுக்குப் போய்விடலாம். இஷ்டப்பட்டுச் செய்கிற இடத்தில் ஏமாந்தவளுக்குப் போக்கிடம் ஏது?

மில் என்று சொன்னது பேச்சுக்காக இல்லை. ராஜபாளையத்தில் ஒரு நூற்பு மில்லின் தரப் பரிசோதனை லேப்பில்தான் நான் வேலை பார்க்கிறேன். நூல் சுற்றிய கோன்களை எடுத்துப் பார்ப்போம். நூல் ஓர் இடத்தில் தடித்திருக்கும், ஓர் இடத்தில் மெலிந்திருக்கும், எண்ணெய்க் கறை இருக்கும், சுற்று சரியாக விழாமல் சரிந்திருக்கும். என்ன குறை என்று ஒரு சீட்டில் எழுதி ஒட்டித் தனியே வைத்துவிடுவோம். சீட்டு ஒட்டிய கோன் மறுபடியும் சுற்றுவதற்குப் போகும். லேப்பைக் கேட்காமல் அதை யாரும் கழிவுப் பஞ்சோடு தள்ள முடியாது. இத்தனை வருஷம் இதையே செய்ததில் என் புத்தியும் அப்படியே ஆகிவிட்டது. குறையை எழுதி ஒட்டிவைத்தால் யாராவது வந்து சரிசெய்வார்கள் என்று நம்புகிற புத்தி.

வேலை முடிந்த பிறகு நான் உட்காருவது ஒரு கலைக்களஞ்சியத்தில். இணையத்தில் இருப்பது, தமிழில் இருப்பது, யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் எழுதியதையும் யாரும் திருத்தலாம். நான் எழுதியது கொஞ்சம், அடுக்கியது நிறைய. இரண்டு மூன்று வரியோடு நின்றுபோன கட்டுரைகள் அங்கே ஏராளம். அவற்றைக் குறுங்கட்டுரை என்போம். ஊர், மீன், நடிகர், கோயில், பூச்சி என்று பொருள்வாரியாக அவற்றைப் பகுப்புகளில் போட்டுவைப்பது வழக்கம். பூச்சி தெரிந்தவர் பூச்சிப் பகுப்பைத் திறந்து பார்த்து, தெரிந்ததைச் சேர்த்துவிட்டுப் போவார். நல்ல ஏற்பாடுதான்.

எனக்கு அது போதவில்லை. ஒரு கட்டுரை ஏன் குட்டையாக நிற்கிறது என்று தெரியாமல் அதை எப்படி வளர்ப்பது? சிலவற்றில் சொல்வதற்கே அவ்வளவுதான் இருக்கும். சில, எழுதியவர் பாதியில் எழுந்துபோனவை. சிலவற்றை எழுதியவருக்கு விஷயம் தெரியும், அச்சில் வந்த சான்றுதான் கையில் இருக்காது. இன்னும் சிலவற்றில் தலைப்பைத் தவிர ஒரு சரக்கும் இருக்காது. நான் இப்படிக் காரணம் பார்த்துப் பிரித்தேன். ஒவ்வொன்றையும் திறந்து, படித்து, எழுதியவர் யார் என்று பார்த்து, உரிய பகுப்பில் போடுவேன். தேநீர் இடைவேளையில்கூட போனில் இதைத்தான் செய்துகொண்டிருப்பேன். லேப்பில் கூட வேலை பார்ப்பவர்கள் நான் சீட்டுக்கம்பெனி நடத்துவதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

இந்தப் பைத்தியக்காரத்தனத்தை முதலில் மெச்சியவர் அக்கா. சொந்த அக்கா இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளியில் வேதியியல் எடுப்பவர், அதே களஞ்சியத்தில் எனக்கு முன்பே எழுத வந்தவர். பக்கத்துப் பக்கத்து ஊர் என்று தெரிந்ததும் பழகினோம். ஞாயிற்றுக்கிழமை மதியம் பஸ் ஏறி அவர் வீட்டுக்குப் போய்விடுவேன். தேரடியைத் தாண்டி உள்ளே ஒரு சந்தில் வீடு. அவர் மடிக்கணினியில், நான் போனில். பேச்சும் அடுக்கலும் ஒன்றாக நடக்கும்.

"ஏட்டி, நல்லதத்தான் எல்லாரும் தரம் பிரிப்பாக. குறையவும் ஒக்காந்து தரம் பிரிக்கிறவ நீ ஒருத்திதான்," என்பார். எனக்கு அது பட்டம் கட்டின மாதிரி இருக்கும்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. களஞ்சியத்தில் எதையாவது மாற்ற வேண்டுமென்றால் பொதுப் பக்கத்தில் முன்மொழிவு வைக்க வேண்டும். மற்றவர்கள் அதன் கீழே ஆதரவு என்றோ எதிர்ப்பு என்றோ எழுதிக் கையெழுத்திடுவார்கள். கையெழுத்து என்பது நம் பயனர் பெயர், அவ்வளவுதான். கொஞ்ச நாள் எதிர்ப்பில்லாமல் கிடந்தால் அது முடிவாகிவிடும். அக்கா எதை முன்மொழிந்தாலும் முதல் ஆதரவு என்னுடையது. நான் முன்மொழிந்தால் அக்காவுடையது. கல்யாண வீட்டில் மொய் எழுதுவது மாதிரி, அவர் வைத்ததை நான் வைப்பேன், நான் வைத்ததை அவர் வைப்பார். அங்கே எழுதும் எல்லாருக்கும் எங்கள் கூட்டு தெரியும். ராஜபாளையம் ஒன்று சொன்னால் ஸ்ரீவில்லிபுத்தூர் இரண்டு சொல்லும் என்று கேலி செய்வார்கள்.

இருவரும் சேர்ந்து ஒருமுறை பயிலரங்கு நடத்தினோம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டியூஷன் சென்டரின் மாடி. கிருஷ்ணன்கோவில் பக்கம் படிக்கிற மாணவர்கள் கும்பலாக வந்தார்கள், சான்றிதழ் எப்போது கிடைக்கும் என்று கேட்டார்கள், சாப்பாடு முடிந்ததும் கலைந்தார்கள். கடைசிவரை இருந்தது ஒரே ஒரு பெண். முப்பது வயதிருக்கும். வன்னியம்பட்டியில் ஒரு இ-சேவை மையத்தில் வேலை. சாதிச் சான்று, வருமானச் சான்று, பட்டா என்று நாள் முழுக்க ஊரார் விண்ணப்பங்களைத் தட்டுகிறவள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து பயனர் கணக்குத் தொடங்கிக் கொடுத்தார். நான் முதல் கட்டுரையை எழுதச் சொல்லிக்கொடுத்தேன்.

அவள் எழுதியது ஊர்க் கண்மாயைப் பற்றி. நாலு வரி. மலையிலிருந்து ஓடை வழியாகத் தண்ணீர் வரும், இரண்டு மடை உண்டு, மேலமடை வயல்கள் பாய்ந்து முடிந்த பிறகே கீழமடையைத் திறப்பார்கள், கோடையில் மீன் ஏலம் நடக்கும். அதற்குப் பிறகும் விடவில்லை. மையத்தில் சர்வர் சுற்றிக்கொண்டே நிற்கும் நேரத்தில், எதிரே காத்திருக்கும் ஆட்களிடம் அவரவர் ஊர்க் கண்மாயைப் பற்றிக் கேட்பாளாம். வீட்டுக்குப் போய் எழுதுவாள். இப்படி அக்கம்பக்கத்துக் கண்மாய்கள் ஒவ்வொன்றாகக் களஞ்சியத்துக்குள் வந்துசேர்ந்தன. நானும் ஒவ்வொன்றையும் படித்து, விருதுநகர் மாவட்ட நீர்நிலைகள் என்ற பகுப்பிலும், சான்று தேவைப்படும் குறுங்கட்டுரைகள் என்ற பகுப்பிலும் போட்டுவைத்தேன்.

அந்த இரண்டாவது பெயர் அவளைப் பயமுறுத்திவிட்டது. என் பேச்சுப் பக்கத்தில் வந்து கேட்டாள். பேச்சுப் பக்கம் என்பது ஒவ்வொருவருக்கும் அங்கே இருக்கும் முற்றம், யாரும் வந்து எழுதிவிட்டுப் போகலாம். அவள் பேசுவது போலவே எழுதுவாள்.

"மேடம், சான்று இல்லேன்னு போட்டிருக்கீகளே, அழிச்சிருவாகளா? கண்மாயைப் பத்தி எந்தப் பேப்பர்ல மேடம் எழுதியிருக்கான்?"

நான் பதில் எழுதினேன். அந்தப் பகுப்பு உதவி கேட்பதற்கு, அழிப்பதற்கு அல்ல. அச்சில் எங்காவது இருக்கும், பொறுமையாகத் தேடுங்கள், நானும் தேடுகிறேன். அவசரமே இல்லை, உங்கள் கட்டுரை எங்கேயும் போகாது, நான் பார்த்துக்கொள்கிறேன். ஒரு வார்த்தை பிசகாமல் இப்படித்தான் எழுதினேன். இப்போதும் என் பெயரோடு அது அங்கே கிடக்கிறது.

பிறகு ஒரு வாரம் எங்கள் மில்லுக்கு நூல் வாங்கும் கம்பெனி ஆட்கள் சோதனைக்கு வருவதாக இருந்தது. அந்த வாரம் லேப்பில் மூச்சுவிட நேரம் இருக்காது. களஞ்சியத்தை எட்டிக்கூடப் பார்க்க மாட்டேன் என்று அக்காவிடம் முந்தின ஞாயிறே சொல்லியிருந்தேன். "வேலையைப் பாரு, நான் இருக்கேம்ல," என்று அவரும் சொல்லியிருந்தார்.

திங்கட்கிழமை காலை, கோன்களுக்கு நடுவே நிற்கும்போது அக்காவின் போன் வந்தது.

"ஏட்டி, செத்த நேரம் இருக்கா? குறுங்கட்டுரைப் பகுப்பு பத்தி முன்மொழிவு ஒண்ணு போட்டிருக்கேன். மொத ஆதரவு நீ போட்டுரு. ஒன் பகுப்புல்லா, நீ போட்டாத்தான் மத்தவிய வருவாக."

போனில் திறந்தேன். குறுங்கட்டுரைப் பகுப்புகளை ஒழுங்குசெய்தல் என்று தலைப்பு. முதல் பத்தியில் என் பயனர் பெயரைச் சொல்லி, நான் பிரித்துவைத்த முறை எவ்வளவு பயனுள்ளது என்று அக்கா எழுதியிருந்தார். வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. கீழே செயல்முறை என்று ஒரு துணைத்தலைப்பு மடங்கிக் கிடந்தது. போனில் பார்த்தால் அதைத் தொட்டுத்தான் விரிக்க வேண்டும். அக்கா எழுதியதை நான் ஏன் விரிக்கப்போகிறேன்? ஆதரவு என்று அடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கோனைப் பார்க்கப் போனேன்.

சோதனை நல்லபடியாக முடிந்தது. ஞாயிறு மதியம் வழக்கம்போல ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறினேன். ஜன்னலோர சீட் கிடைத்தது. ஒரு வாரம் பார்க்காததைப் பார்க்கலாம் என்று களஞ்சியத்தைத் திறந்தேன். நான் கவனித்துவரும் பக்கங்களில் என்ன மாற்றம் நடந்தாலும் ஒரு பட்டியலில் வரும். அதில் நீக்கப்பட்டது, நீக்கப்பட்டது, நீக்கப்பட்டது என்று கை வலிக்கத் தள்ளினாலும் தீராமல் வந்துகொண்டே இருந்தது. யாரோ விஷமி உள்ளே புகுந்துவிட்டான் என்று நினைத்தேன். உடனே அக்காவிடம் சொல்ல வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. இதை எழுதும்போதுகூட அதை நினைத்தால் என் மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது.

ஒவ்வொரு நீக்கத்துக்கும் எதிரே சமூக ஒப்புதலின்படி என்று காரணம் போட்டு ஓர் இணைப்பு இருந்தது. தொட்டேன். அக்காவின் முன்மொழிவு. இந்த முறை செயல்முறையை விரித்தேன். சான்று தேவைப்படும் குறுங்கட்டுரைகள், தலைப்பு மட்டும் உள்ளவை ஆகிய இரு பகுப்புகளிலும் இருக்கும் கட்டுரைகள் அனைத்தையும் தானியங்கி நிரல் கொண்டு நீக்கலாம், ஏற்கெனவே கவனமாகப் பிரிக்கப்பட்டிருப்பதால் தனித்தனியே பார்க்கத் தேவையில்லை என்று இருந்தது. கீழே வரிசையாக ஆதரவுகள். முதலில் என் பெயர்.

நான் பிரிக்காமல் விட்டிருந்தால் அந்தக் கண்மாய்கள் மற்ற ஆயிரம் கட்டுரைகளோடு கலந்து, யார் கண்ணிலும் படாமல் பிழைத்துக் கிடந்திருக்கும். ஒவ்வொன்றாகத் தேடிப்பிடித்து, அடையாளம் ஒட்டி, ஒரே இடத்தில் நிறுத்திவைத்தவள் நான்தான். தானியங்கிக்கு அது ஒரு பொழுது வேலை.

அக்கா வீட்டில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் பேனாவை மூடி வைத்தார். தெரியாத மாதிரி நடிக்கவில்லை. அதை மட்டும் நல்லதாகச் சொல்ல வேண்டும்.

"என்னக்கா பண்ணி வச்சிருக்கீக?" என்றேன்.

"ஒக்காரு மொதல்ல. வெளிநாட்டுல இருந்து எழுதுறவிய, மெட்ராஸ்ல இருக்கிறவிய எல்லாம் எம்புட்டு கேலி பண்ணுறாக தெரியுமா? தமிழ்ல எண்ணிக்கைதான் இருக்கு, ரெண்டு வரிக் குப்பையா குவிச்சு வச்சிருக்கோம்னு."

"குப்பைன்னு நீங்க ஒருநாளும் சொன்னதில்லையே."

அக்கா விடைத்தாள்களை ஓரமாக ஒதுக்கினார். பிறகு விஷயத்துக்கு வந்தார். அவர் நிருவாகியாகத் தேர்தலில் நிற்கப்போகிறார். களஞ்சியத்தில் பக்கங்களை நீக்கவும் மீட்கவும் அதிகாரம் உள்ளவர்கள் நிருவாகிகள்; தானியங்கியை ஓடவிட்டதும் அவர்களில் ஒருவர்தான். கேலி செய்கிற அந்தப் பெரிய கைகள் ஆதரித்தால்தான் ஜெயிக்க முடியும். தரத்துக்காக அவர் ஏதாவது செய்துகாட்ட வேண்டும் என்று அவர்கள் எதிர்பார்த்தார்கள். அவர் செய்துகாட்டினார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ விடமாட்டியே. அதான் சொல்லல."

எத்தனையோ பேர் என்னிடம் பொய் சொல்லியிருக்கிறார்கள், இந்த ஓர் உண்மை அளவுக்கு அவை எதுவும் என்னைச் சுட்டதில்லை. வேலை மும்முரத்தில் நான் பார்க்க மாட்டேன் என்று தெரிந்துதான் அந்த வாரத்தைத் தேர்ந்தெடுத்தார். பகுப்பை உண்டாக்கினவளே ஆதரித்துவிட்டால் வேறு யாரும் வாய் திறக்க மாட்டார்கள் என்று தெரிந்துதான் என் கையெழுத்தை முதலில் வாங்கினார். எல்லாம் யோசித்துச் செய்தது.

"சரி, அந்த வன்னியம்பட்டிப் பொண்ணுக்கு நான் என்ன பதில் சொல்ல? எங்கேயும் போகாதுன்னு எழுதிக் குடுத்திருக்கேன். எனக்குத் தெரியாம நடந்துச்சுன்னு அந்த முன்மொழிவுப் பக்கத்துல நீங்க ஒரு வரி எழுதுங்க, போதும்."

"அப்படி எழுதுனா ஒன்ன நான் ஏமாத்திட்டேன்னுல்லா ஆகும்?"

"ஏமாத்தத்தானக்கா செஞ்சீக."

அவர் மறுபடியும் பேனாவைத் திறந்து அடுத்த விடைத்தாளை எடுத்துக்கொண்டார். "காப்பி போடவா?" என்று தலை நிமிராமல் கேட்டார். நான் எழுந்து வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைப் பழக்கம் அதோடு முடிந்தது.

சும்மா விடுவதாக இல்லை. பொதுப் பக்கத்தில் போய், முன்மொழிவு முழுவதையும் நான் படிக்கவில்லை, என் ஆதரவைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதினேன். முடிந்துபோன விவாதத்தில் கையெழுத்தை மாற்ற முடியாது என்று ஒருவர் விதியைக் காட்டினார். நிருவாகித் தேர்தல் வந்தபோது அக்காவின் பெயருக்குக் கீழே எதிர்ப்பு என்று போட்டு, காரணத்தையும் எழுதினேன். முதல் ஆதரவு உங்களுடையதுதானே, இப்போது என்ன புதிதாக என்று இன்னொருவர் கேட்டார். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் என்ன சண்டை என்று ஒருவர் சிரிப்புப் பொம்மை போட்டுவிட்டுப் போனார். அக்காவுக்கு ஆதரவுகள் குவிந்தன. ஜெயித்தார்.

இந்த நாட்களில் அந்தப் பெண்ணுக்கு நான் எதுவும் எழுதவில்லை. ஒரு கட்டுரையையாவது மீட்டுவிட்டுச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். சான்று இருந்தால்தான் மீட்க முடியும், சான்றுக்கு எங்கே போவது என்று நான் முழித்துக்கொண்டிருக்கும்போது அவளே வந்தாள்.

"மேடம், சான்று கெடச்சிருச்சு. அரை நாள் லீவு போட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் லைப்ரரிக்குப் போனேன். பழைய மாவட்ட விவரப் புத்தகம் ஒண்ணுல நம்ம பக்கத்துக் கண்மாய் எல்லாம் பேரோட இருக்கு. மடை, ஆயக்கட்டு எல்லாம் போட்டிருக்கான். பக்கத்தைப் போட்டோ எடுத்துட்டேன். ஆனா கட்டுரையத் தேடுனா சிவப்பா வருது. எங்க மேடம் போடணும்?"

இல்லாத பக்கத்தின் பெயர் அங்கே சிவப்பில்தான் தெரியும். அவளுக்கு அது தெரிந்திருக்கவில்லை.

லேப்பில் கையிலிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு மீட்டெடுப்பு வேண்டுகோள் பக்கத்துக்கு ஓடினேன். புத்தகத்தின் விவரம், பக்க எண், கண்மாய்களின் பெயர் எல்லாம் எழுதி, உதவும்படி கேட்டுக் கையெழுத்திட்டேன். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. வணக்கம், நம்பகமான சான்று அளிக்கப்பட்டுள்ளதால் கட்டுரைகள் மீட்டெடுக்கப்பட்டன, தங்கள் பங்களிப்புக்கு நன்றி. முன்பின் தெரியாத எல்லாருக்கும் போடுகிற அதே வாசகம். கீழே கையெழுத்து அக்காவுடையது. தங்கள் பங்களிப்பாம். அவர் வீட்டுச் சமையலறையில் எந்த டப்பாவில் சீனி இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

ஆனாலும் கண்மாய்கள் திரும்பிவிட்டன. சிவப்பு நீலமானதைப் பார்த்ததும் கோபத்துக்கு நடுவே ஒரு நிம்மதி வந்தது உண்மை. அந்தப் பெண்ணிடம் சொல்லப் போனேன். எனக்கு முன்பே அவள் என் பேச்சுப் பக்கத்தில் வந்து எழுதியிருந்தாள். சிவப்பு என்றால் என்ன என்று தேடி, நீக்கிய காரணத்தைத் தேடி, இணைப்பைப் பிடித்து முன்மொழிவுப் பக்கம்வரை போய்விட்டாள். நாள் முழுக்க அரசாங்க இணையதளங்களில் விண்ணப்பம் எங்கே தேங்கிக் கிடக்கிறது என்று கண்டுபிடிக்கிறவளுக்கு இதெல்லாம் ஒரு வேலையா?

"அழிக்கச் சொன்னதுல மொதப் பேரு ஒங்க பேருதான் மேடம் இருக்கு. வேண்டாம்னா அன்னைக்கே சொல்லியிருக்கலாம். நான் லைப்ரரிக்கு அலைஞ்சிருக்க மாட்டேன்."

நடந்ததையெல்லாம் எழுதினேன். மில், சோதனை, போன், மடங்கிக் கிடந்த துணைத்தலைப்பு, ஒன்றையும் விடவில்லை. அவர்தான் செய்தார், எனக்குத் தெரியவே தெரியாது, நானும் உங்களைப் போல ஏமாந்தவள்தான் என்றும் எழுதினேன். கட்டுரைகள் திரும்பிவிட்டன, போய்ப் பாருங்கள் என்று இணைப்பும் கொடுத்தேன்.

மறுநாள் மதியம் பதில் வந்திருந்தது.

"பாத்தேன் மேடம். திருப்பிப் போட்டதும் அந்த மேடம்தான், கேட்டது நீங்கதான். அழிச்சப்பவும் நீங்க ரெண்டு பேருதான். பயிலரங்குக்கும் ஒண்ணாத்தான வந்தீக. அவிய எனக்குக் கணக்குத் தொறந்து குடுத்தாக, நீங்க எழுதச் சொல்லிக் குடுத்தீக. ரெண்டு பேரும் பேசிக்கிடாமயா இதெல்லாம் செஞ்சிருப்பீக?"

பேசிக்கொள்ளவில்லை என்று எழுதினேன். அதற்குப் பதில் வரவில்லை. அவள் பயனர் பெயரில் அதன்பிறகு ஒரு திருத்தம்கூட இல்லை. எங்கள் இருவரையும் அறிந்த யாரும் நான் சொல்வதை நம்ப மாட்டார்கள். வெளியிலிருந்து பார்த்தால் நானே நம்பியிருக்க மாட்டேன்.